கட்டிலடிக்கே வந்து நலம் விசாரிக்கும் கனவானுக்கு

மாட்சிமை தங்கிய சூடோமோனாஸ் ஏருஜினோசா கிருமி அவர்களே,

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை இந்தக் கரையில் எத்தனையோ கனவான்களைக் கண்டிருக்கிறோம். பலசாலியோடு மோதுவதில்லை என்ற கொள்கையில் தங்களைப் போல் உறுதியாய் நின்றவர் எவருமில்லை. மருதமுனையில் தறி நெய்யும் இளைஞனைத் தாங்கள் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. சாய்ந்தமருதில் தோணி தள்ளும் மீனவனையும் சீண்டுவதில்லை. தங்கள் கரிசனம் எல்லாம் சீனி வருத்தத்தால் கால் புண்ணாகிக் கிடக்கும் மூத்தம்மாவுக்கும், தீப்பட்ட பிள்ளைக்கும், தொண்டைக் குழாயால் மூச்சு விடும் வாப்பாவுக்கும்தான். இயலாதவரைத் தேடிப் போகும் இந்தக் குணம் யாருக்கு வரும்!

தங்கள் கலையுணர்வும் தனி. புண்கட்டை அவிழ்த்தால் துணியெல்லாம் நீலமும் பச்சையுமாய்க் கறை. கிட்டப் போனால் திராட்சைப்பழ வாசம். வந்திருப்பது யாரென்று தாதிக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிடும். அந்தக் கறையை ஆராய்ந்துதான் பிரான்சின் கார்ல் ஜெசார் 1882இல் தங்களை உலகுக்கு அறிமுகம் செய்தார். அழகு பார்க்கவென்று மட்டும் தாங்கள் சாயம் தீட்டுவதில்லை. நீலச்சாயம் எங்கள் உயிரணுக்களை அரிக்கிறது. பச்சைச்சாயம் உடம்பு ஒளித்து வைத்த இரும்பைத் தேடிப் பறித்து வருகிறது.

நிதானமோ அதைவிடப் பெரிது. தனியாக இருக்கையில் தாங்கள் வாலாட்டுவதில்லை. இரசாயனச் சமிக்ஞைகளால் ஆள்கணக்கு எடுத்து, கூட்டம் போதுமானதும் எல்லோருமாக நஞ்சைக் கக்குகிறீர்கள். ஒரு நஞ்சு, தொண்டைக்கரப்பான் நஞ்சைப் போலவே உயிரணுவின் புரத உற்பத்தியை நிறுத்திவிடும். இன்னொன்று திசுவின் நெகிழ்நாரைக் கரைக்கும். கதீற்றருக்குள் வழுவழுப்பான படலம் கட்டி உட்கார்ந்துவிட்டால் மருந்தும் உள்ளே போகாது, வெள்ளணுவும் கிட்ட வராது. தப்பித்தவறி மருந்து நுழைந்தாலும் பம்பி வைத்து வெளியே இறைக்கிறீர்கள். இதற்கெல்லாம் மரியாதையாக, கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனமுக்கும் அடங்காத தங்கள் வம்சத்தை 2017இல் உலக சுகாதார நிறுவனம் மிக அபாயகரமானவற்றின் வரிசையிலேயே வைத்தது.

வெளிநாட்டுப் பயணத்திலும் குறை வைக்கவில்லை. சென்னைக்கு அருகே தயாரான கண் சொட்டுமருந்துப் போத்தலில் ஏறி அமெரிக்கா போனீர்கள். 2023 மே மாதக் கணக்கில் 18 மாநிலங்களில் 81 பேரைச் சந்தித்திருந்தீர்கள். 14 பேரின் பார்வை போனது. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. 4 பேர் மௌத்தானார்கள்.

இத்தனை வல்லமையும் உள்ள தங்களுக்கு ஒரேயொரு குறை. ஈரத்தில் நீந்த வால் உண்டு; ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குத் தாவ வழியில்லை. அதை நாங்கள் தீர்த்து வைக்கிறோம். நோயாளியைப் பார்ப்பது சுன்னத் என்று குடும்பத்தோடு வாட்டுக்குப் போகிறோம். ஐந்து வேளை வுளூ எடுக்கும் அதே கையால், கழுவாமலே மூத்தம்மாவின் புண்கட்டைத் தொட்டுப் பார்த்து, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் கன்னத்தையும் தடவிக் கொடுக்கிறோம். தடிமலுக்கும் பாமசியில் துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கி, தங்களுக்குப் போட்டியான சாதுக் கிருமிகளை அழித்து இடம் ஒதுக்கித் தருகிறோம்.

தங்கள் புகழைக் கெடுப்பவர்களும் உண்டு. கட்டிலுக்குக் கட்டில் 20, 30 விநாடி நின்று அற்ககோல் திரவம் தேய்த்துக்கொள்ளும் தாதி ஒருவர். "இந்தக் கதீற்றர் இன்னும் தேவையா?" என்று ஒவ்வொரு காலையும் கேட்கும் வைத்தியர் ஒருவர். வாட்டு வாசலில் வைத்தே "கையைக் கழுவிட்டு வாங்க மச்சான்" என்று மறிக்கும் உறவுக்காரர் ஒருவர். இப்படிப்பட்டவர்கள் பெருகினால் தங்கள் கீர்த்தி கழிவுநீர்த் தொட்டியோடு நின்றுவிடும்.

அதுவரை, தாங்கள் ஈட்டிய வெற்றிகளில் பாதி எங்கள் கைகளுக்குச் சேர வேண்டியது. அந்தப் பங்கைக் கேட்டு வாங்கத்தான் எங்களுக்கு முகமில்லை.