எம்சி ஸ்கொயர் மாமா

பந்தியில் இலை ஓரத்தில் உப்பு விழுந்ததும் மாமா ஆரம்பித்துவிடுவார். "இது ஒரு கிராம் இருக்குமா? இதுக்குள்ள எவ்வளவு கரண்ட் இருக்கு தெரியுமா?" தெரியும் என்றாலும் தெரியாது என்றாலும் அடுத்து வருவது ஒன்றுதான்: "ஈ இஸ் ஈக்வல் டு எம்சி ஸ்கொயர்!" ஐன்ஸ்டீனை 'அந்தாளு' என்று அழைக்கும் உரிமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் அலகு மாற்றும் லட்சணம். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வர்க்கம் 9,000 கோடி. கிராமைக் கிலோவாக்க ஆயிரத்தால் வகுக்கணும், கிலோமீட்டரை மீட்டராக்க ஆயிரத்தால் பெருக்கணும். "ரெண்டும் அடிபட்டுப் போச்சு" என்று ஈர இலையில் விரலால் ஒரு கோடு இழுத்து, 9,000 கோடி ஜூல் என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்.

அடிபடவில்லை. வர்க்கம் எண்ணுக்கு மட்டுமல்ல, கிலோமீட்டருக்கும் உண்டு. ஆயிரத்தின் வர்க்கம் பத்து லட்சம். கிராமுக்காக ஆயிரத்தால் வகுத்தபின்னும் ஓர் ஆயிரம் மிஞ்சும். சரியான விடை 90 லட்சம் கோடி ஜூல். "எப்படியும் பெரிய நம்பர்தானே, விடுங்க" என்பார் பக்கத்து இலைக்காரர். எப்படி விடுவது? மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். மாமா கணக்கில் அந்த உப்பு 25,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவாகும் வீட்டுக்கு எட்டு வருஷம் வரும். உண்மையில் அது இரண்டரைக் கோடி யூனிட். அதே வீட்டுக்கு எட்டாயிரம் வருஷத்துக்கு மேல் வரும். 1945இல் நாகசாகி குண்டில் ஆற்றலாக மாறிய நிறை ஏறத்தாழ ஒரு கிராம்தான். மாமாவின் கணக்கு சரியென்றால், அன்று வெடித்தது இரண்டு லாரி வெடிமருந்து, அவ்வளவே.

"பெரிய விஞ்ஞானிகளே ஒளிவேகத்தை 1 என்று வைத்துக்கொள்கிறார்களே" என்று அவருக்காக வாதாடுவோரும் உண்டு. வைத்துக்கொள்கிறார்கள்தான்; ஆனால் அலகை விடுவதில்லை. எலக்ட்ரானின் நிறை அவர்களுக்கு 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட், வெறும் 0.511 என்று யாரும் எழுதமாட்டார்கள். 1905இல் ஐன்ஸ்டீன் எழுதிய கட்டுரையில் மாமா மனப்பாடம் செய்திருக்கும் வடிவத்தில் அந்தச் சமன்பாடே கிடையாது. அதில் ஆற்றல் 'எல்', ஒளிவேகம் 'வி'. ஆனால் ஆற்றலை எர்க்கிலும் நிறையை கிராமிலும் அளந்தால் 9 × 10²⁰ ஆல் வகுக்க வேண்டும் என்று அலகோடு எழுதியிருக்கிறார். அந்தாளு சொல்லாததையெல்லாம் மாமா சொல்கிறார். சொன்னதை மட்டும் விட்டுவிடுகிறார்.

சுற்றிலும் மனை விலையும் மாப்பிள்ளை சம்பளமும் பேசுகிற பந்தியில் இயற்பியல் பேச அவர் ஒருவராவது இருக்கிறாரே என்று மகிழலாம்தான். ஆனால் மாமா பந்தியோடு நிற்பதில்லை. தெருவிலுள்ள பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்: "யூனிட்டையெல்லாம் கடைசியில போட்டுக்கலாம்டா." பரீட்சையில் மார்க் போவது பிள்ளைக்கு. அப்போதும் மாமா விடைத்தாள் திருத்தியவரைத்தான் திட்டுகிறார்.