ஓய்வெடுக்க ஒரு கால அட்டவணை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஒரு தரவரிசை உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை. லிஃப்டில் நாலு நாள் ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். பாலிக்குப் போகாதவரைச் சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடத்தான் கூப்பிடுவார்கள். மாலத்தீவு போனவர் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். மொரிஷியஸ் போய்வந்தவர் இரண்டாவது மாடியில் ஒரே ஒருவர்தான். அவர் அடுத்தவர் இடத்தில் காரை நிறுத்தினாலும் "பரவாயில்லை சார்" என்கிறார்கள்.

ஆகவே எங்கள் திருமண வெள்ளிவிழாவுக்கு ஏதாவது ஒரு தீவு என்று முடிவானதும் என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "நம்ம பிளாக்ல யாரும் கால் வைக்காத இடமா இருக்கணுங்க."

அப்படி மிஞ்சியது ஃபிஜி. சென்னையிலிருந்து சுமார் 11,000 கிலோமீட்டர். கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கிழக்கு தீர்ந்துபோகிற இடம் அது. 180-ஆவது தீர்க்கரேகை அந்த நாட்டின் தவெயுனி தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதைத் தாண்டி ஓரடி வைத்தால் கணக்குப்படி நீங்கள் மேற்கில் நிற்கிறீர்கள். இதைவிடத் தூரமாகப் போக இரண்டாவது மாடிக்காரரால் முடியாது என்பதில் என் மனைவிக்கு ஒரு நிம்மதி.

டிராவல்ஸ்காரருக்குத்தான் நிம்மதி இல்லை. "மாலத்தீவுன்னா சீக்கிரமா இறங்கிடலாம் சார். இது சிங்கப்பூர் போகவே நாலு மணி நேரத்துக்கு மேல, அங்கேர்ந்து பத்து மணி நேரம், நடுவுல காத்திருக்கிறது வேற. அங்கேயும் அதே கடல், அதே மணல்தான் சார்." உண்மையைச் சொன்னார். ஆனால் அவர் எங்கள் லிஃப்டில் ஏறியதில்லை.

பிறகு ஒரு வழவழப்பான புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே படம்: இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு குடை, எதிரே காலியான கடல். "போனா என்னங்க செய்யறது?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அதான் சார் விசேஷமே. ஒண்ணும் செய்ய வேண்டாம்!"

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "ஒண்ணும் செய்யாம இருக்கிறதுக்காடா இத்தனை லட்சம்? உங்கப்பா ரிட்டயர் ஆனதிலேர்ந்து கடைசிவரைக்கும் ஒத்த பைசா செலவில்லாம அப்படித்தானே இருந்தாரு!"

இந்தக் கேள்விக்கு எந்த ரிசார்ட்டாலும் பதில் சொல்ல முடியாது. நம் குடும்பங்களில் வெறுமனே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் இரண்டே கேள்விதான்: உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா? ஓய்வு என்பது வேறு ஏதாவது வேலையின் நடுவே திருட்டுத்தனமாக எடுப்பது. அதற்குத் தனியாக டிக்கெட் போட்டு, விமானத்தில் போய் எடுப்பது நம் ரத்தத்தில் இல்லை. எனவே எங்கள் திட்டமிடல் என்பது, டிராவல்ஸ்காரர் விற்ற அந்த 'ஒண்ணும் செய்ய வேண்டாம்' என்ற பெரிய ஓட்டையை ஒவ்வொருவராக வந்து அடைத்த கதைதான்.

முதலில் தேதி. ஃபிஜி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் எல்லாமே தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழையும் புயலும். மே மாதம் வந்தால் வானம் தெளிந்து குளிர்ச்சி தட்ட ஆரம்பிக்கும். சென்னையில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிற அதே மே. இந்த ஒரு தகவல் எங்கள் இரண்டு பேர் பயணத்தை ஐந்து பேர் பயணமாக்கிவிட்டது. மகளுக்குக் கல்லூரி விடுமுறை. அம்மாவுக்குக் கத்திரி வெயில் ஆகாது. அம்மாவை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று போனில் புத்தி சொல்ல ஆரம்பித்த பெரியப்பாவுக்கு, பேச்சை முடிப்பதற்குள் அவரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று தோன்றிவிட்டது.

வெள்ளிவிழாத் தம்பதிக்கு ஐந்து பேர் கொண்ட தேனிலவு. டிராவல்ஸ்காரர் இப்போது எங்களை அதிக மரியாதையோடு நடத்துகிறார்.

மகள் கணினியில் ஓர் அட்டவணை தொடங்கினாள். நாள், நேரம், இடம், செலவு, யார் சொன்னது என்று கட்டங்கள். நிறைய கட்டங்களை 'ஓய்வு' என்று எழுதி இளநீலத்தில் வண்ணம் தீட்டியிருந்தாள். அன்று திறந்தபோது திரையே கடலாகத் தெரிந்தது.

நீலத்தில் முதலில் கை வைத்தது அம்மா. விமான நிலையம் இருக்கிற நாந்தி ஊரிலேயே, கடைத்தெருக் கோடியில், ஸ்ரீ சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. 1994-இல் கட்டி முடித்தார்கள்; நம் ஊர்ச் சிற்பிகள் போய்ச் செய்த சிலைகள், பளபளக்கிற வண்ணத்தில் கோபுரம். மகள் படத்தைக் காட்டியதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? முருகன் கூப்பிட்டிருக்கான்!" அந்த நிமிடத்திலிருந்து இத்தனை லட்சம் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. ஆனால் விதிமுறைகள் எழுந்தன. இறங்கியதும் நேரே கோயில். அதுவரை யாரும் மீனைத் தொடக்கூடாது. கும்பிட்ட பிறகுதான் கடலில் கால் நனைக்கலாம். கிளம்பும் முன் இன்னொரு தடவை போய்ச் சொல்லிக்கொண்டு வரவேண்டும். பஞ்சமியா சஷ்டியா என்று பார்க்க வேண்டியதும் பாக்கி இருந்தது.

நாள் பார்த்தால் நேரமும் பார்க்க வேண்டும். அதில்தான் சிக்கல். ஃபிஜி கடிகாரம் நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை அங்கே மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்கும்போது இங்கே காலை எட்டரை. "அப்ப நான் எந்த ஊரு ராகு காலத்தைப் பார்க்கிறது?" என்றாள் அம்மா. நடுவானில் போகும்போது யாருடைய ராகு காலம் என்பது அடுத்த கேள்வி. மகள் இரண்டு நாட்டு நேரத்தையும் போட்டு, இரண்டிலும் நல்ல நேரமாக இருக்கிற கட்டங்களைப் பச்சையாக்கினாள். நீலத்தில் கொஞ்சம் போயிற்று.

அடுத்தது பெரியப்பா. அவர் எங்கே போனாலும் அங்கே நம்மவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்கிற ஆள். 1879-இல் முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து போனது. 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். கரும்பு வெட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம். 1916-இல் கடைசிக் கப்பல் போய்ச் சேரும்வரை சுமார் 60,000 பேர். கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடி வைத்தது இந்த ஃபிஜியைத்தான். பெரியப்பா இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் என் மனைவியோடு, பத்து மணி நேரம் உட்கார்ந்து போக எந்தக் கழுத்துத் தலையணை வசதி என்று விவாதித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் சாதாரணத் தலையணை வாங்கினோம்.

அவர் கேட்டது லவுட்டோக்கா சர்க்கரை ஆலை. அதுவும் 1903-இல் தொடங்கியது. நாந்தியிலிருந்து அரை மணி நேரம்தான். உலகமே நீலக் கடலைப் பார்க்கப் போகிற ஊரில், சர்க்கரை நோய்க்கு மூன்று வேளை மாத்திரை போடுகிறவர் சர்க்கரை ஆலையைப் பார்க்கப் போகிறார். "பார்க்கத்தானேப்பா போறேன்" என்றார். ஒரு நாள் போயிற்று.

அவருக்கு ஓர் அதிர்ச்சியும் காத்திருந்தது. 1965-இல் இந்தி எதிர்ப்பு மறியலில் உட்கார்ந்தவர் அவர். அங்கே தமிழ்க் கொள்ளுப்பேரர்கள்கூடத் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஃபிஜி இந்தி என்று மகள் சொன்னபோது வெகுநேரம் பேச்சு மூச்சில்லை. 1926-லேயே தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கிப் பள்ளிக்கூடம் நடத்தித் தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப்பிடித்துச் சொன்னாள். "அவங்க கதை வேறம்மா. கரும்புக் காட்டுல பக்கத்துல யாரை நிறுத்தினானோ அவன் பாஷையைத்தானே பேசியாகணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வணக்கம்னு சொல்ல அங்க என்ன?" என்று கேட்டார். "ஃபிஜி பாஷையிலயே 'புலா'ன்னு சொன்னா போதும் தாத்தா." அவர் முகத்தில் ரத்தம் திரும்பிற்று. கொள்கைக்குச் சேதமில்லை.

கிராமத்துக்குப் போகிறவர்கள் காவா வேர்க் கட்டு ஒன்றைத் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டும் என்பது அங்கே முறை. தாம்பூலம் வைத்து அழைக்கிற வீட்டில் வளர்ந்த பெரியப்பாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. செடியும் வெற்றிலை, மிளகுக்குப் பங்காளிதான். வேரை இடித்து நீரில் பிழிந்து கொட்டாங்கச்சியில் தருவார்கள். குடிக்கும் முன் ஒரு கைதட்டல், குடித்த பின் மூன்று. நாக்கு மரத்துப்போகும். இதைக் கேட்டதும் அம்மா பெரியப்பாவைப் பார்த்து, "நீங்க ரெண்டு கொட்டாங்கச்சியா குடிங்க" என்றாள். அட்டவணையில் ஒரு பிற்பகல் போயிற்று.

மகளும் சளைத்தவளில்லை. கப்பலில்லை, விமானமில்லை, ஒரு பந்தைத் துணையாக வைத்துக்கொண்டு ஆளில்லாத தீவில் சிக்கிய மனிதனைப் பற்றி 'காஸ்ட் அவே' என்று 2000-இல் ஒரு படம் வந்ததே, அது எடுக்கப்பட்ட மொனுரிகி தீவு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. தப்பித்தால் போதும் என்று ஒருவன் படம் முழுக்கத் துடித்த தீவுக்கு, இப்போது தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு படகில் கூட்டிப் போகிறார்கள். அதோடு அந்த நாட்டு 7 டாலர் நோட்டு ஒன்று அவளுக்கு வேண்டும். 2016 ஒலிம்பிக்கில் ரக்பி செவன்ஸ் அணி தங்கம் வென்றதற்காக அச்சடித்தது. மொய் எழுதும்போது ஒற்றை ரூபாய் தேடவே வேண்டாத நாடு என்று அம்மா அதற்கும் ஒப்புதல் கொடுத்தாள்.

நடுவே என் மனைவியின் ஒரே ஆசை, கடலுக்கு மேல் கால் ஊன்றிய குடில். ஓரிரவு வாடகையைக் கேட்டேன். எங்கள் மளிகைக் கடைக்காரர் அந்தத் தொகையைப் பார்த்தால் ஒரு வருஷத்துக்குக் கடன் கேட்க மாட்டார். தீவில் கடை கண்ணி கிடையாது என்பதால் சாப்பாடும் அவர்களிடமே வாங்கியாக வேண்டும். படகுக் கட்டணம் தனி. டிசிஎஸ் என்று ஒரு வரி, அதை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆறுதல். அம்மாவுக்கு வேறு கவலை. "ஈசானிய மூலையில தண்ணி இருந்தா நல்லதும்பாங்க. எட்டு மூலையிலயும் தண்ணி இருந்தா என்னடா பலன்?"

மூட்டை கட்டும் படலம் இன்னும் முடியவில்லை. விதை, இலை, பால் பொருள் எதையும் ஃபிஜி லேசில் உள்ளே விடாது. உணவுப் பொருள் எதுவானாலும் எழுதிக் காட்ட வேண்டும். அம்மாவின் பட்டியலில் எள்ளுப்பொடி, மாவடு, கறிவேப்பிலை, பால்கோவா. இந்த நாலையும் வைத்துப் பார்த்தால், அவர்களுடைய தடைப் பட்டியலை எழுதியவருக்கு விருதுநகர்ப் பக்கம்தான் சொந்த ஊர் என்று சந்தேகம் வருகிறது. இப்போதைக்கு மாவடு மட்டும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

நேற்று மகள் அட்டவணையின் கடைசி வடிவத்தை எல்லோருக்கும் அனுப்பினாள். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருந்தன. நீலம் ஒரே ஒரு கட்டத்தில் மிஞ்சியிருந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கப்பூர் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம்.

மீதி வேலை, இறங்கும்போது தரவேண்டிய வருகை அட்டையை ஓர் ஒத்திகை பார்த்துவிடுவதுதான். வருகையின் முக்கிய நோக்கம் என்ன என்று கேட்டு, ஒன்றில் மட்டும் டிக் போடச் சொல்கிறது. என் மனைவி 'விடுமுறை' என்றாள். பெரியப்பா யோசிக்காமல் 'உறவினரைப் பார்க்க' என்றார். அம்மா, முருகன் எந்தக் கட்டத்தில் வருவான் என்று தேடி, கடைசியில் 'பிற' என்பதில் விரலை வைத்தாள். மகள், படிப்பு என்று போட்டால் ஏதாவது சலுகை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு நல்லவேளையாக அந்தக் குழப்பமே இல்லை. ஐந்து பேருடைய அட்டையையும் நிரப்பப் போவது நான் என்பதால், என் நோக்கம் வேலைதான்.