கரி பூசக் காசு கேட்டானாம்

ஏலேய் பேராண்டி, நீ அனுப்புன படத்தைச் செல்லுல பாத்தேன். ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கியும் பாத்தேன். கரண்ட் போன நேரத்துல எடுத்துட்டான்போலன்னு நெனச்சேன். அப்புறம்தான் உம் பொண்டாட்டி போன்ல சொல்லுதா, "இல்ல தாத்தா, அதுதான் கலரு. மேட் சார்கோல்"னு. எட்டடிக்கு ஏழடி அடுக்களை. அதுல கீழயும் கறுப்புப் பெட்டி, மேலயும் கறுப்புப் பெட்டி. நல்லாத்தான் இருக்கு. உள்ள போனவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கணும், அம்புட்டுதான்.

உம் பூட்டி அடுக்களையை நீ பாத்ததில்ல. சுவரு, உத்திரம், பரணு எல்லாம் கறுப்பு. பளபளப்பு பேருக்குக்கூடக் கிடையாது, அசல் மேட். வேலிக்கருவை விறகை எரிச்சு எரிச்சு வருசக்கணக்கா ஏத்துன கலரு அது. அதைப் போக்கத்தான் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு கரைச்சு, ஒரு கை நீலம் போட்டு, வீடே கூடி மாரடிச்சோம். நீ என்னன்னா சதுரடிக்கு இம்புட்டுன்னு பேசி, அட்வான்ஸும் குடுத்து, அதே கரியைத் திரும்பக் கேக்கே. பூட்டி உயிரோட இருந்தா பாதிக் காசுக்கே முடிச்சுக் குடுத்துருப்பா. விறகு மட்டும் நீ வாங்கணும்னு சொல்லிருப்பா.

சரி, ஆசைப்பட்டுட்டே. வேண்டாம்னா கேக்கவா போறே? ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லு. துடைக்கப் போறது யாரு?

கடைக்காரன் என்ன சொல்லுவான்? "கறுப்பு சார், அழுக்கே தெரியாது." சாம்பார் தெறிச்சா தெரியாதுதான். காப்பி வழிஞ்சதை எறும்பு வந்துதான் சொல்லணும். ஆனா நம்ம அடுக்களையில வெள்ளைச் சாமானுக்கு என்ன குறைச்சல்? தோசை மாவு, இடியாப்ப மாவு, தேங்காப்பூ, உப்பு. மாவுக் கையோட இழுப்பறையை இழுத்தா அஞ்சு விரலும் அப்படியே பதியும். போலீஸ்காரன் வந்தா மை டப்பா தேவையில்ல. எண்ணெய்க் கை பட்டா அந்த எடம் மட்டும் மினுங்கும்.

இதுல உங்க மேடவாக்கத்து போர்த் தண்ணி வேற. சிங்க்குக்குக் கீழ இருக்கிற கதவுல தண்ணி வடிஞ்சு காஞ்சா, உப்பு வெள்ளைக் கோடா நிக்கும். அதைக் கண்டா உங்கம்மா சும்மா இருப்பாளா? கம்பி நாரை எடுத்துருவா. கோடு போயிரும். தேய்ச்ச எடம் பளபளன்னு ஆயிரும். மேட்டுல விழுந்த பளபளப்பு அப்புறம் போவவே போவாது, பாத்துக்க. மெத்துன்னு ஒரு துணி, பாத்திரம் வெளக்குற சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு, உடனே காஞ்ச துணியால ஒரு ஒத்து. அது தாங்குற வைத்தியம் அவ்வளவுதான். விரல் தடம் விழாத லேமினேட்டுன்னு ஒண்ணு விக்கான், விலை கூட. விரல் தடம் குறையும், பொய்யில்ல. மாவு குறையாது.

கிழவன் வாய்க்கு வந்ததைப் பேசுதான்னு நெனைக்காத. ராத்திரி தூக்கம் வராட்டி எனக்கும் யூடியூப்புதான் தொணை. அதுல ஒரு வெள்ளைக்கார அம்மா கதை வந்துச்சு. மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கின்னு பேரு. உங்க ஆச்சி அதைச் சொல்லப் பாத்து ரெண்டு தடவை பல்செட்டு கழண்டுச்சு. வியன்னா ஊர்க்காரி. ஜெர்மனியில பிராங்பர்ட்டு நகரசபை ஏழைபாழைகளுக்கு வீடு கட்டுனப்ப, 1926-ல அந்தம்மாதான் அடுக்களைக்குத் திட்டம் போட்டுக் குடுத்தாவ. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம்ம கணக்குல ஆறடிக்குப் பதினோரடி. ஒன்னுதைவிட ஓரடி ஒடுக்கம்தான். அப்படிச் சுமார் 10,000 அடுக்களை போட்டாவளாம். இன்னைக்கு நீ "மாடுலர்"னு சொல்லுதியே, அதுக்குப் பூட்டி முறை.

அதுல பெட்டிக் கதவெல்லாம் நீலம். ஏன்? நீலத்துல ஈ உக்காராதுன்னு அப்ப ஒரு கணக்கு. மாவு போடுற இழுப்பறை ஓக்கு மரம், புழு அண்டாதுன்னு. வேலை செய்யுற பலகைக்கு நேர் முன்னால சன்னல். மோட்டுல தொங்குற விளக்குக்கு ஒரு தண்டவாளம். வேலை எங்க நடக்குதோ அங்க இழுத்துக்கிடலாம். இம்புட்டும் செஞ்ச அந்தம்மா பின்னால சொன்னது என்ன தெரியுமா? அந்த அடுக்களையைப் போடுற வரைக்கும் தான் சமைச்சதே இல்லையாம்! நீயும் சமைச்சதில்ல. அதுவரைக்கும் பொருத்தம் அமைஞ்சிருக்கு. ஆனா அந்தம்மா கலருக்கு ஒரு காரணம் வச்சாவ, ஒன்னைக் கேட்டா "லுக்கு தாத்தா"ங்கே.

லுக்கும் வேணும், கண்ணும் தெரியணும்னா இப்படிச் செய். கறுப்பைக் கீழ் வரிசையோட நிறுத்து. மேல் வரிசைக்கு வெண்ணெய்க் கலரோ, வெளுத்த மரக் கலரோ போடு. கறுப்பு வெளிச்சத்தைக் குடிச்சிரும்லே. தலைமட்டத்துல கறுப்பு வந்தா எட்டடியும் ஆறடியாத் தெரியும். மேடைக்கும் மேல் பெட்டிக்கும் நடுவுல ரெண்டடி சுவரு இருக்கும்லா, அங்க வெளுத்த கலர்ல மினுமினு டைல்ஸ் ஒட்டு. அது வாங்குன வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்கும். மேடைக்கும் கறுப்பு கிரானைட்டுன்னு சொன்னியாமே! கறுப்பு உளுந்து சிந்துனா தடவித்தான் பொறுக்கணும். கருவேப்பிலைக்குள்ள புழு கெடந்தா அதுக்கு யோகம்.

விளக்கு விசயத்துல மட்டும் காசுக்குப் பாக்காத. மோட்டுல ஒரே ஒரு லைட்டை மாட்டிட்டுப் போயிருவான் எலக்ட்ரீசியன். மேடைக்கு முன்னால நின்னா அது முதுகுல அடிக்கும், நம்ம நெழலு காய் நறுக்குற பலகையில விழும். வெங்காயத்தோட விரலும் போவும். மேல் பெட்டிக்கு அடியில, முன் ஓரமா, எல்ஈடி பட்டை ஓட விடு. 4000 கெல்வின்னு கேட்டு வாங்கு. அதுக்கு மேல போனா ஆஸ்பத்திரி வெளிச்சம். இந்த ஒயரை எல்லாம் டைல்ஸ் ஒட்டுறதுக்கு முந்தியே இழுத்திரணும். அப்புறம் போயி நின்னா ஒடைக்கக் கூலி தனி.

கைப்பிடி இல்லாம, தொட்டா திறக்குற கதவாம்! தொடுறதே தடம்னு இப்பதான் சொன்னேன். அதைத் தொட்டுத்தான் திறக்கணும்னா வெளங்குமா? நீளமா ஒரு கைப்பிடி வை. கை அதுலயே பழகிப்போவும், பலகைக்கு வராது.

அந்தப் படத்துல இன்னொண்ணு பாத்தேன். செடி ஒண்ணு இருக்கு, புஸ்தகம் ஒண்ணு இருக்கு, மரத்தட்டுல நாலு எலுமிச்சம்பழம் இருக்கு. அரிசி மூட்டை எங்கலே? 25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டின்னு 2022-ல போட்டதும், கடைக்காரங்க ஒரு கிலோவைக் கூட்டி 26 கிலோவா மூட்டை போட ஆரம்பிச்சுட்டாங்க. சர்க்காருக்கே தப்பிச்ச மூட்டை, ஒன் டிசைனருக்கும் தப்பிச்சிருக்கு. கிரைண்டர் எங்க நிக்கும், இட்லிக் கொப்பரை எங்க போவும், ஊர்ல இருந்து நான் குடுத்து விடுற தேங்கா எங்க உருளும்? மொதல்ல அதுக்கெல்லாம் எடம் குறிச்சுட்டு, மிச்சம் இருந்தா எலுமிச்சம்பழத்தை வை.

சிலிண்டரைப் பெட்டிக்குள்ள அடைச்சு மூடுனா, அந்தக் கதவுக்கு அடியில காத்து போற மாதிரி சல்லடை விடச் சொல்லு. அந்த கேஸு காத்தைவிடக் கனம். கசிஞ்சா தரையிலதான் படுக்கும். இது சிரிக்கிற விசயமில்ல. சிங்க் பெட்டிக்கு மட்டுமாவது 710 முத்திரை போட்ட பிளைவுட்டு கேளு. மரத்தூளை அமுக்குன பலகையை அங்க வச்சான்னா, ஒரு மழைக்காலத்துல உப்பி நிக்கும். மேல ஒட்டுன மேட்டு மட்டும் கம்பீரமா இருக்கும்.

ஆசாரிகிட்ட கைப்பிடி சொல்லுறதுக்கு முந்தி, கடையில இருந்து அந்தக் கறுப்பு லேமினேட்டுல ரெண்டு மாதிரித் துண்டு வாங்கிட்டு வா. ஒண்ணை இப்ப இருக்கிற வாடகை வீட்டுல அடுப்புப் பக்கத்துல ஒட்டு, இன்னொண்ணைச் சிங்க் பக்கத்துல ஒட்டு. உங்க ஆச்சியை இந்த வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில்ல பொதிகை ரயில்ல ஏத்தி விடுதேன். பருப்பு வடை, தோசை, இடியாப்பம்னு அவ ஒரு வாரம் தாராளமா நடத்துவா. ஒவ்வொரு தடவையும் அந்தக் கையாலயே துண்டை ஒரு தடவு தடவச் சொல்லிருக்கேன். துணியை உம் பொண்டாட்டி தொடக் கூடாது. அது ஒன் வேலை.