மோதலாம், ஆடக் கூடாது

நூற்றிருபது கிலோ ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து எலும்பை எண்ணும் விளையாட்டு, அமெரிக்கக் கால்பந்து. அதை நடத்தும் என்எஃப்எல்லுக்கு அதில் உறுத்தல் ஏதுமில்லை. கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவன் சந்தோஷத்தில் இடுப்பை ஆட்டினால்தான் நெடுங்காலம் மானம் போய்க்கொண்டிருந்தது.

நீண்ட, மிகையான, முன்கூட்டித் திட்டமிட்ட கொண்டாட்டங்களுக்கு 1984இலேயே தடை வந்தது. திடீரென்று, சுருக்கமாக, அளவாகச் சந்தோஷப்பட வேண்டும். அரசு அலுவலகப் பிரிவுபசார விழா மாதிரி. 2003இல் நியூ ஆர்லியன்ஸ் வீரர் ஜோ ஹார்ன், கோல் கம்பத்து மெத்தைக்குள் ஒளித்திருந்த செல்போனை எடுத்துப் பேசினார். அபராதம் 30,000 டாலர். உலகத்திலேயே விலை கூடிய உள்ளூர் அழைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

2014இல் கேன்சஸ் சிட்டியின் ஹுசைன் அப்துல்லா, எதிரணியின் டாம் பிரேடி எறிந்த பந்தைப் பறித்து ஓடி டச்டவுன் அடித்தார். தரையில் நெற்றி பதித்து, சஜ்தா செய்து இறைவனுக்கு நன்றி சொன்னார். நடுவர் கொடியை வீசினார். 15 கஜம் தண்டனை. மறுநாள் லீகே, அது தவறு என்றது. தொழுகைக்கு விலக்கு உண்டாம். கஜம் திரும்பி வரவில்லை.

2017இல் ஒருவழியாக மனமிரங்கினார்கள்: தரையில் விழலாம், கூட்டமாக ஆடலாம். உடனே பிட்ஸ்பர்க் வீரர்கள் கம்பத்தருகே கண்ணாமூச்சி ஆடினார்கள், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்கள்! எம்பிக் குதித்துக் கம்பத்தின் மேலாகப் பந்தை அறைவதற்கு மட்டும் அப்போதும் தடை நீங்கவில்லை. 2013இல் அட்லாண்டாவில் ஜிம்மி கிரகாம் என்ற வீரர் அப்படிச் செய்ததில் கம்பம் கோணியது; ஆட்டத்தை நிறுத்தி நிமிர்த்தினார்கள். இந்தத் தடை நியாயம்தான். கம்பத்துக்கு ஹெல்மெட் கிடையாதே.