உத்திரமேரூர் உத்தி

கேள்வி: ஏஐ ஏஜென்ட் புத்திசாலிதானே? அதன் கையில் தரும் கருவிக்கு ஒரு வரி விளக்கம் போதாதா?

பதில்: காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் சபையாரும் வேதம் படித்த புத்திசாலிகள்தான். ஆனாலும் 919-இல் கல்லில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் போதாமல், 921-இல் இன்னும் விரிவாக வெட்டினார்கள். உறுப்பினர் வயது 35 முதல் 70 வரை. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய மாமன், மச்சான், மருமகனுக்கும் இல்லை. பொதுவாக 'உறவினர்' என்று விட்டால் மச்சான் நுழைந்துவிடுவாரே! கருவி விளக்கமும் அப்படித்தான். 'சேலை ஆர்டரைக் கவனிக்கும்' என்று மட்டும் எழுதினால், ரத்து செய்யச் சொன்னாலும் ஏஜென்ட் அந்தக் கருவியையேதான் தூக்கும். 'ஆர்டர் எண் கொடுத்தால் நிலவரம் சொல்லும். ரத்து செய்யாது' என்று எழுதுங்கள். நீளம் குழப்பாதா? வளவளப்புதான் குழப்பும், வரம்பு குழப்பாது. உங்கள் விளக்கத்தில் 'செய்யாது' என்ற சொல் ஒரு முறையாவது இருக்கிறதா, பாருங்கள்.