கப்பலை விட்டவங்க பரம்பரை

பசியாறிட்டியா மருமவனே? பசியாறாம என்ன. கப்பல்ல ஒரு காலையிலயே மூணு தரம் பசியாறலாமாம், உங்கம்மா போன்ல சொன்னா. சிங்கப்பூர்ல ஏறி, புக்கெட்டைப் பாத்துட்டு, பினாங்கைப் பாத்துட்டு, மறுபடி சிங்கப்பூர்லயே எறங்குறீங்களாம். ஏறின எடத்துலயே எறங்கறதுக்குக் காசு குடுக்கறவன உன் தலைமுறையிலதான் பாக்கறேன்.

பினாங்குல காலை எட்டு மணிக்குக் கட்டி, சாயந்திரம் அஞ்சு மணிக்கு அவுத்து விடுவாங்களாம் கப்பலை. நடுவுல நீ பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போறியாம். கப்பல்காரன் கூட்டிட்டுப் போற சுத்துப்பயணம் வேணாமாம், சொந்தமாப் போவியாம். நிபோங் திபால்ல தாய்மாமன் ஒருத்தன் இருக்கான், அவனப் பாக்க மட்டும் நேரம் பத்தாதாம். நல்லது. நான் ஒண்ணும் நெனைக்கல. பெரியவனா லட்சணமா நாலு புத்தி சொல்லிட்டு வெத்தலையைப் போடப் போறேன், அவ்ளோதான்.

மொதல்ல கணக்கு. எட்டு மணிக்குக் கட்டினா எட்டு மணிக்கு எறங்கலாம்னு நெனைக்காத. கப்பல் சனம் மொத்தமும் ஒரே வாசல்ல வரும், தைப்பூசத்துக்குத் தண்ணிமலையில நிக்கிற மாதிரி நிக்கணும். வெளிய வர ஒம்பதரைன்னு வையி. அஞ்சு மணிக்குக் கெளம்புற கப்பலுக்கு நாலு, நாலரைக்கெல்லாம் எல்லாரும் உள்ள இருக்கணும்பான். பத்து பெரிங்கிக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வழியில நெரிசலுக்குன்னு ஒரு மணி நேரம். மிச்சம் மூன்றரை மணி நேரம், அதுலயும் அரை மணி நேரம் கழிப்பறையத் தேடறதுக்கு. இதே ஒரு மணி நேரத்துல ரெண்டாவது பாலத்து வழியா காடியில வந்தா நிபோங் திபால் வந்துடும். ஒரு கணக்குக்குச் சொன்னேன், வேற ஒண்ணும் இல்ல.

அந்த ரெண்டாவது பாலம் 2014-ல தொறந்தது, 24 கிலோமீட்டர். பத்து மாவுங்ல ஏறினா பத்து காவான்ல எறங்கலாம், அங்கேருந்து நம்ம வீடு கூப்பிடு தூரம். இதுவும் கணக்குக்குத்தான்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். உன் கப்பல் கட்டற எடம் ஸ்வெட்டன்ஹாம் துறை. வெளிய காலை வெச்ச ஒடனே டாக்சிக்காரங்க ஈ மொய்க்கிற மாதிரி மொய்ப்பாங்க. ஒருத்தன் தீவையே சுத்திக் காட்டறேம்பான், ஒருத்தன் பாம்புக் கோயிலும் கொடிமலையும் சேத்து ஒரே வெலைம்பான். பல்லைக் காட்டிட்டு நட. பத்து நிமிசத்துல ஜெட்டி வரும். 101-ஆம் நம்பர் பஸ்ஸு அங்கதான் பொறப்படும். கொம்தார் போயி, தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கான்னு கடலை ஒட்டிக்கிட்டே பத்து பெரிங்கி தாண்டி தெலுக் பாஹாங் வரைக்கும் போவும். கிரேப் காடி கூப்பிட்டாலும் அதே வழிதான், அதே நெரிசல்தான். பஸ்ஸுல சில்லறையச் சரியா வெச்சுக்க. அம்பது வெள்ளி நோட்டை நீட்டினா டிரைவர் உன்னப் பாக்க மாட்டான், உன் பின்னாடி நிக்கிற ஆளைப் பாப்பான். வலது பக்கம் சன்னலோரமா உக்காந்தா, கடல் மேல கால் ஊணி நிக்கிற பள்ளிவாசல் கண்ணுல படும்.

ஊரு பேருக்கு அர்த்தம் தெரியுமா? பத்துன்னா மலாய்ல கல்லு. பெரிங்கின்னா வேற யாரும் இல்ல, நம்ம பறங்கிதான். மேக்கேருந்து கப்பல்ல வந்தானே, அந்தப் பறங்கி. நம்ம ஊருல பறங்கிக்காய்ல ஒட்டிக்கிட்டான், இங்க பாறையில ஒட்டிக்கிட்டான். பறங்கிப் பாறைக்கு இப்ப கப்பல்ல நீ வர்ற. கறுப்புக் கண்ணாடி போட்ட படம் அனுப்பினியே, அதப் பாத்தப்பவே பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்கன்னு தோணிச்சு.

தண்ணியப் பாத்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்காத. உன் போன்ல கரீபியன் கடற்கரைன்னு காட்டினியே, நீலச்சாயத்தக் கரைச்சு ஊத்தின மாதிரி, அது இங்க இல்ல. இது மலாக்கா நீரிணை. ஆறுங்க கொண்டாந்து கொட்டற சேறு இருக்கு, அதனால தே தாரேக் கலருலதான் இருக்கும். ஆனா மணலு நல்ல மணலு, காத்து நல்ல காத்து. ஓட்டல் ஓட்டலா நிக்குதேன்னு பயப்படாத, மணல்ல நடக்க யாரும் காசு கேக்க மாட்டான். குடையக் கட்டி வானத்துல ஏத்தறவன், தண்ணி மோட்டார் விடறவன், குதிரைக்காரன், இவங்கதான் கேப்பாங்க. மொத வெலைக்குச் சிரி, ரெண்டாவது வெலைக்கு நட, மூணாவது வெலைக்குத் திரும்பிப் பாரு.

கடல்ல எறங்கும்போது சொறி மீனை மட்டும் வெளையாட்டா எடுத்துக்காத. கண்ணுக்குத் தெரியாது, பொட்டணம் கட்டற பிளாஸ்டிக் மாதிரி மெதந்துக்கிட்டு வரும். தெலுக் பாஹாங் பக்கத்துல அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரங்க கடலாய்வு நிலையம் வெச்சு அதை ஆராயறாங்க, பொட்டி மாதிரி இருக்கற சாதி ஒண்ணு ஆளையே சாய்ச்சிடும். பட்டா மணலைப் போட்டுத் தேய்க்காத, காடிய ஊத்து. ஓடற காடி இல்லடா, புளிக்கிற காடி, வினிகரு. ஊத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதுல மட்டும் நான் நக்கல் பண்ணல.

ராத்திரிச் சந்தை பாக்கணும்னு வேற உங்கம்மாகிட்ட சொன்னியாம். அந்தச் சந்தைக்காரன் இருட்டற நேரத்துக்குத்தான் கொட்டாயே போடுவான். அப்ப உன் கப்பல் நடுக்கடல்ல இருக்கும். நீ அதுக்குள்ள இருக்கியா இல்லையாங்கறதுதான் கேள்வி.

அதுக்குத்தான் மணியப் பத்திச் சொல்ல வந்தேன். புக்கெட்ல மணி நம்மளவிட ஒரு மணி நேரம் கம்மி. அங்க போயி கைக்கடியாரத்தத் திருப்பி வெச்சுட்டு, இங்க வந்து மறுபடி திருப்ப மறந்தியோ, கெட்டது குடி. கடற்கரையில நீ மூணுன்னு எளநி குடிச்சிக்கிட்டு இருப்ப, கப்பல்ல நாலாயிருக்கும். கப்பல்காரன் எந்த மணிய வெச்சிருக்கான்னு எறங்கும்போதே கேட்டுக்க. மணி விசயத்துல நாங்க அடிபட்ட ஆளுங்க. 1982 பொறக்கற அன்னிக்கு, ராத்திரி பதினொன்றரைக்கே பன்னெண்டுன்னு சொல்லி தீபகற்பம் பூரா அரை மணி நேரத்த முன்னாடித் தள்ளினாங்க. உங்க அத்தை அந்த அரை மணி நேரத்த இன்னும் தேடிக்கிட்டு இருக்கா. கல்யாண வீட்டுக்கெல்லாம் நாங்க பந்தி முடிஞ்சு போறது அதனாலதான்.

துறைமுகத்த விட்டு வெளிய வந்ததும் ஒரு மணிக்கூண்டு தெரியும், அதைப் பாத்து மணி வெச்சுக்கலாம்னு நெனைப்ப. அதோட கதையக் கேளு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 வருசம் ஆச்சுன்னு, வருசத்துக்கு ஒரு அடியா 60 அடி ஒசரத்துல சியா சென் இயோக்னு ஒரு சீனத் தவுக்கே கட்டிக் குடுத்தாரு. விழா 1897-ல. கூண்டு முடிஞ்சது 1902-ல. அதுக்குள்ள மகாராணி போய்ச் சேந்தாச்சு. அப்புறம் சண்டைக் காலத்துல குண்டு விழுந்ததுல கொஞ்சம் சாஞ்சும் போச்சு. பொறக்கும்போதே அஞ்சு வருசம் லேட்டா வந்த மணிக்கூண்டு, அதுவும் சாஞ்சு நிக்குது. பாத்து ரசிச்சுக்க, நம்பிடாத.

கப்பல்காரன் சுத்துப்பயணத்துக்கு யானை வெல சொல்றான்னு நீ சொல்றது நெசந்தான். ஆனா அந்த வெலையில பஸ்ஸு மட்டும் இல்ல, கப்பலோட பொறுமையும் சேத்திதான். அவன் கூட்டிட்டுப் போன கூட்டம் நெரிசல்ல மாட்டினா கப்பல் காத்திருக்கும். நீ தனியா மாட்டினா ஊதிட்டுப் போயிடும். மிஞ்சிப் போனா உன் அறையில இருக்கற பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜென்டு கையில குடுத்துட்டுப் போவான். அதுக்கும் மேல மரியாதைய எதிர்பாக்காத.

விட்டுட்டாலும் அழுவாத. கப்பலை விடறது நம்ம குடும்பத்துக்குப் புதுசு இல்ல.

என் தாத்தா, உங்கம்மாவுக்கும் தாத்தாதான், 1927-ல ரஜூலா கப்பல்ல வந்தாரு. நாகப்பட்டணத்துல ஏறினாரு, மேல்தட்டுல, ஆயிரக்கணக்கான சனத்தோட. டிக்கெட்டு அவரு காசு இல்ல, தொரைங்க போட்ட நிதியில. பினாங்கைத்தான் மொதல்ல பாத்தாரு. எறங்கின ஒடனே அவருக்கும் கடற்கரைதான், ஜெரெஜாக் தீவு. தங்கல், சாப்பாடு, ஊசி, எல்லாம் எனாம். யாருக்காவது அம்மையோ பேதியோ இருக்கான்னு பாத்து அனுப்பறதுக்காக அடைச்சு வெச்ச எடம் அது. நீ மொதப் பாலத்துல போனா இன்னிக்கும் தெக்கால பச்சையாத் தெரியும், அழகாத்தான் இருக்கும்.

மூணு வருசம்னு சொல்லிட்டு வந்த மனுசன். நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்துல லயத்து வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. அதுக்கு முந்தி இந்தப் பக்கம் பூரா கரும்பாம், அதுக்கும் நம்ம ஆளுங்கதான். தாத்தா காலத்துல ரப்பரு, என் காலத்துல செம்பனை. மரம் மாறிக்கிட்டே இருந்துச்சு, நாங்க அங்கயே இருந்தோம். தோட்டத்துல 99 வாசல் வெச்ச தொரை பங்களா ஒண்ணு இருக்கு, இப்ப பாழடைஞ்சு கெடக்கு. அத்தனை வாசல் இருந்தும் தாத்தா ஒரு தரம் கூட அதுல நொழஞ்சதில்ல.

சண்டை வருசம் போக, ரஜூலா 1970-ங்க வரைக்கும் வந்து வந்து போச்சு. ஊதி ஊதிக் கூப்பிட்டுச்சு. தாத்தாவுக்கு ஒவ்வொரு வாட்டியும் ஒரு காரணம். கடன் அடையட்டும்னாரு, மவன் கல்யாணம் முடியட்டும்னாரு, பசுமாடு கன்னு போடட்டும்னாரு. 1969-ல வேலை பெர்மிட்டு சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரங்க நெறைய பேரு பொட்டியக் கட்டிக்கிட்டுக் கப்பலேறினாங்க. வழியனுப்ப ஜெட்டி வரைக்கும் போனாரு தாத்தா. கையாட்டினாரு. திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினாரு. அந்தக் காலத்துப் பெரிப் படகுல வேற ஒரு தந்திரம் உண்டு, தீவுக்குப் போகத்தான் காசு, இக்கரைக்குத் திரும்ப எனாம். திரும்பறதுக்குக் காசு கேக்கலன்னா நம்ம ஆளு எங்க போவான், சொல்லு.

அடுத்த வருசம் நெசமாவே கரீபியனுக்குப் போவப் போறேன்னியே, போ. அங்கயும் எறங்கற எடத்துல ஜாக்கிரதையா இரு. 1853-ல மார்ட்டினிக்குக்கும், 1854-ல குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆளுங்களக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க. அதுவும் கரும்புக்குத்தான். அவங்களும் அஞ்சு வருசம்னுதான் போனாங்க, மாரியம்மனுக்குக் கோயில் கட்டிட்டு அங்கயே ஒக்காந்துட்டாங்க. நீ படத்துல காட்டின அந்த நீலத் தண்ணிக்குப் பின்னாடி, ஒரு கரும்புக் காட்டுல, நம்ம மாதிரி ஒரு மாமன் ஒக்காந்து மருமவனுக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருப்பான், என்ன பாஷையிலயோ.

ஆக, நீ பினாங்குல கப்பலை விட்டா செய்ய வேண்டியது சுலபம். பெரி ஏறி பட்டர்வொர்த்துக்கு வா. சிங்கப்பூர் போற ராத்திரி பஸ்ஸு அங்க இருக்கு. அது பெரிய ரோட்டுல தெக்கால போகும்போது ஜாவி, நிபோங் திபால் பக்கமாத்தான் போயாவணும். அப்படிப் போறவன் ஒரு ராத்திரி தங்கிட்டுப் போனா என்ன கொறஞ்சிடும்? கிரியான் ஆத்துல படகு எடுத்தா ராத்திரியில மின்மினிப் பூச்சி மரம் பூரா ஒட்டிக்கிட்டு மினுக்கும். கடற்கரை நம்மகிட்ட இல்ல, சேறும் அலையாத்திக் காடுந்தான். ஆனா இறாலு இருக்கு. உங்க கப்பல்ல அஞ்சு வேளை போடறானே, அவன் ஒரு வேளை கூட இப்படி ஒரு இறாலக் கண்ணால பாத்திருக்க மாட்டான்.

இல்ல இல்ல, உன்ன வரச் சொல்லல. நீ உன் இஷ்டப்படி கடற்கரைக்குப் போ. எனக்கும் அன்னிக்குத் தீவுல ஒரு சோலி இருக்கு, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில்ல ஒரு அர்ச்சனை. காலையில மொத கொமுட்டர் ரயிலப் புடிச்சா பட்டர்வொர்த்து, அங்க பெரி, அப்புறம் கால் நடை. ஒம்பதரைக்குள்ள வந்துடுவேன்னு நெனைக்கிறேன், அத்தை அந்த அரை மணி நேரத்தக் கண்டுபுடிச்சிட்டான்னா.

நீ வெளிய வரும்போது டாக்சிக்காரங்களுக்கு நடுவுல, மஞ்சப் பையும் தூக்குச்சட்டியுமா ஒரு கெழவன் நிப்பான். டாக்சி வேணாம்னு சொல்லி பல்லைக் காட்டிட்டு நடந்துடாதடா, அது நான்தான்.