புல்லட் தாத்தா: ஓர் அறிமுகம்

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்துத் தாத்தாக்கள் இரு வகைப்படுவர்: சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், புல்லட்டில் உட்கார்ந்தவர்கள். இரண்டாம் வகையினர் எண்ணிக்கையில் குறைவு, சத்தத்தில் அதிகம்.

இவ்வகை தோன்றக் காரணம் திருவொற்றியூர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த புல்லட் பாகங்களை இங்கே பூட்டினார்கள். பின்னர் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். பிறந்த நாட்டில் கடை மூடப்பட்ட பிறகும் வண்டி மெட்ராஸில் ஓடிக்கொண்டிருந்தது. மைசூரில் தயாரான ஜாவா வைத்திருந்த தாத்தாக்களும் உண்டு. அவர்களோடு புல்லட் தாத்தா பேசுவார். சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்.

சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மர் மூன்று கண் உடையவர். அர்ச்சகர் தீபம் காட்டி நெற்றிக் கண்ணைத் தரிசிக்கச் செய்வார். புல்லட்டுக்கும் முன்னால் ஒரு பெரிய விளக்கு, இருபுறமும் இரண்டு சின்ன விளக்குகள். ஆக மூன்று. இந்தப் பொருத்தத்துக்கு மேல் வேறு ஜாதகம் தாத்தாவுக்குத் தேவைப்படவில்லை.

வண்டியைக் கிளப்புவது தனிச் சடங்கு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. முள் நிற்குமுன் அவசரப்பட்டால் வண்டி திருப்பி உதைக்கும். மருமகன்களின் வலது கணுக்கால் வீக்கத்துக்கு இதுவே காரணம். உதை விழும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது, குறிப்பாக, “எங்க போறீங்க?” என்று கேட்கவே கூடாது.

அக்காலப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் பழகிய பேரன், ஜி.எஸ்.டி. சாலையில் லாரியைக் கண்டு பிரேக் என்று நினைத்து மிதித்தது கியரை. வண்டி நிற்கவில்லை, பின்னால் இருந்த தாத்தாவின் வசவும் நிற்கவில்லை. எந்த கியரிலிருந்தும் ஒரே அழுத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவரத் தனி லீவர் ஒன்று உண்டு. முதல் கியரில் மட்டும் அது வேலை செய்யாது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும்போது வண்டி பெரும்பாலும் முதல் கியரில்தான் இருக்கும்.

எஞ்சினுக்கு அடியில் எப்போதும் ஒரு கொட்டாங்குச்சி. சொட்டும் ஆயில் அதில் சேரும். மறுநாள் கதவுக் கீலுக்குப் போகும். இந்த வட்டாரத்தில் கிறீச்சிடாத கதவைக் கண்டால் உள்ளே ஒரு புல்லட் நிற்கிறது என்று ஊகிக்கலாம். வண்டி துடைக்கத் தாத்தா எடுப்பது புது மல் துண்டு. பாட்டியின் மதிப்பீடு: “இத மூணு வேள தொடைக்கிறாரு. ஒரு டம்ளர கழுவச் சொன்னா இடுப்பு புடிச்சிக்குது.” ஆனாலும் திருக்கழுக்குன்றம் போக பஸ்ஸா வண்டியா என்று கேட்டால், பாட்டி பதில் சொல்லாமல் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்துவிடுவார்.

2013-இல் பக்கத்து ஒரகடத்திலேயே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறது என்பது தாத்தாவின் கருத்து. புதிய வண்டியில் பட்டனை அமுக்கினால் கிளம்புகிறது என்று காட்டியபோது, “கிரைண்டருக்கு சரி” என்று முடித்துக்கொண்டார்.

சட்டமும் தாத்தாவையும் வண்டியையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. வண்டிக்குப் பதினைந்து வயது தாண்டினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டுபவருக்கு ஐம்பத்தைந்து தாண்டினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று தாத்தாவுக்கு, புகைச் சான்று வண்டிக்கு.